தாலியைக் கழற்றச் சொல்லும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பல வருடமாக நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். நோயாளியின் பழக்கவழக்கங்களை மதித்துப் பராமரிக்க வேண்டும் என்றதும், இந்த மதத்தார் இதைச் சாப்பிட மாட்டார்கள், அந்த ஊரார் அப்படி என்று பட்டியல் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோயாளியைக் கேளுங்கள் என்பேன்.

நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற நர்ஸ் இதற்காகப் போராடினார். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களைச் சேர்ந்தவர் அவர். 1992இல் அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில் இதைப் படிப்பில் சேர்த்தது. பராமரிப்பு சரியாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் நோயாளிதான் என்பது ராம்ஸ்டனின் கருத்து. உதாரணத்துக்கு, மாவோரி மக்கள் பலருக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைத்த தலையணையைக் கேட்காமல் காலுக்கு முட்டுக் கொடுத்தால் அவர்கள் மனம் நோகும்.

சரி, நம் வார்டுக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன் நகைகளைக் கழற்ற வேண்டும். ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும். இதைச் சொல்லாமல் "தாலியைக் கழட்டுங்கம்மா" என்றால், அந்த அம்மாவின் கை உடனே கழுத்துக்குப் போகும். அவர் பயந்துவிட்டார் என்று அந்தக் கையே சொல்லும். காரணத்தைச் சொல்லிவிட்டு, "என்ன செய்யலாம்மா?" என்று கேளுங்கள். ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றுவார். இன்னொருவர் கணவர் கையில்தான் கொடுப்பேன் என்பார். வேறொருவர் யோசிக்காமல் கழற்றிப் பைக்குள் போடுவார். மூவரும் ஒரே ஊர், ஒரே தெருவாகக்கூட இருக்கலாம்! பட்டியல் எங்கே உதவும்? கழுத்தில் ஆபரேஷன் என்றால் கயிறும் கூடாது. மணிக்கட்டில் கட்டலாமா என்று தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டுச் சொல்லலாம்.

வகுப்பில் ஒன்று செய்வேன். காரணம் சொல்லாமல், காதில் கழுத்தில் இருப்பதைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுக்கச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி, அம்மா போட்டுவிட்ட கம்மலைத் தர மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொள்வாள். அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்குவேன்.

பிரசவ வார்டு பற்றியும் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ரமலான் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளி நோன்பு வைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். முன்பே தெரிந்தால் டாக்டர் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார், அல்லது நோன்பு வேண்டாம் என்று எடுத்துச் சொல்வார். நோன்பு தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம். வணக்கம்.