இடுப்புக்கு மேலே, இடுப்புக்குக் கீழே

வணக்கம் நேயர்களே. 2013 ஜூன் மாதம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் சிகாகோவும் பாஸ்டனும் மோதிக்கொண்டிருந்தன. ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் வெளியேறினார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என்ன காயம் என்று நிருபர்கள் கேட்டதற்குப் பயிற்சியாளர் கிளாட் ஜூலியன் தந்த விவரம், ‘உடல் காயம்’. மனதில் பட்ட காயம் இல்லை என்பது வரையில் தெளிவாகிவிட்டது.

ஆறாவது ஆட்டத்தில் பெர்ஜரான் ஆடினார். பாஸ்டன் தோற்றது, கோப்பை சிகாகோவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் விவரம் வந்தது: விலா எலும்பு முறிவு, குருத்தெலும்புக் கிழிசல், தோள் மூட்டு விலகல், நுரையீரலில் துளை.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் அணிகள் பொய் சொல்கின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை. பொய் சொல்லக் கூடாது என்று லீக்கின் விதியே இருக்கிறது. காயத்தால் ஒருவர் ஆடப்போவதில்லை என்றாலோ, ஆட்டத்தின் நடுவில் போனவர் திரும்பமாட்டார் என்றாலோ அதை அறிவிக்க வேண்டும். ஆனால் எந்த இடம், எவ்வளவு மோசம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ‘மேலுடல் காயம்’, ‘கீழுடல் காயம்’ என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஒரு முழு சீசனை ஓட்டிவிடுகிறார்கள். விரல் நகம் பெயர்ந்தாலும் மேலுடல்தான், மூளை அதிர்ந்தாலும் மேலுடல்தான்.

இந்த மௌனத்துக்கு ஒரு நியாயம் உண்டு. உடல்மோதல் இந்த விளையாட்டில் சட்டபூர்வமானது. இடது மணிக்கட்டில் வலி என்று தெரிந்தால், எதிரணி ஆட்டக்காரரின் மட்டை அந்த மணிக்கட்டைத் தேடி வரும். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் தொடரில் அதே எதிரணியை ஏழு ஆட்டம் வரை சந்திக்க வேண்டியிருக்கும். ஆகவே விலா, கணுக்கால், தோள் போன்றவற்றை மூடி வைப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

மூடி வைத்தாலும், பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். ஆட்ட நாள் காலையில் நடக்கும் லேசான பயிற்சியைக் கவனியுங்கள். ஒருவர் மட்டும் வேறு நிற ஜெர்சியில் வந்தால், அவர் மேல் யாரும் மோதக் கூடாது என்று பொருள். பயிற்சியில் முதலில் பனித்தளத்தை விட்டு இறங்கும் கோல்கீப்பர்தான் வழக்கமாக அன்று இரவு ஆடுபவர். அந்த வரிசை திடீரென மாறினாலோ, கீழ் லீக்கிலிருந்து அவசர அழைப்பில் இன்னொரு கோல்கீப்பர் வந்து இறங்கினாலோ, இருவரில் ஒருவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. ஓர் ஆட்டத்தில் களமிறங்குபவர்கள் இருபது பேர்: பொதுவாகப் பன்னிரண்டு முன்கள ஆட்டக்காரர்கள், ஆறு தற்காப்பு ஆட்டக்காரர்கள், இரண்டு கோல்கீப்பர்கள். அந்த எண்ணிக்கை குறையும் நிலை வந்தால்தான் ‘அவசர அழைப்பு’ என்ற சொல்லே பயன்படும்.

ஆட்டத்துக்குப் பிறகு வெளியாகும் புள்ளிவிவரத் தாளும் பேசும். நடுவர் பக்கை, அதாவது ரப்பர் வட்டை, போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது வழக்கமாக எதிரணிக்காரருக்கு எதிரே நின்று அதைப் பிடிக்கப் போராடும் சென்டர் என்ற நடு முன்கள ஆட்டக்காரர், அந்த வேலையைப் பக்கத்து ஆட்டக்காரரிடம் விட்டால், மணிக்கட்டையோ தோளையோ சந்தேகிக்கலாம். தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஒருவரை இறக்கி, மற்ற நேரம் பெஞ்சில் உட்கார வைத்தால், அவரால் வேகமாகத் திரும்பி ஓட முடியவில்லை என்று அர்த்தம்.

பத்திரிகைக்குச் சொல்லாத அதே அணி, கணக்கு என்று வந்தால் துல்லியமாகப் பேசும். ஒவ்வோர் அணிக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. ஓர் ஆட்டக்காரர் குறைந்தது 24 நாளும் 10 ஆட்டமும் ஆட முடியாது என்று மருத்துவர் சான்று தந்தால், அவரை நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டு, 2024-25 சீசன் வரை அவருடைய முழுச் சம்பள அளவுக்கு உச்சவரம்பைத் தாண்டிச் செலவு செய்ய முடிந்தது. பல ஆண்டுகளாக அந்த உச்சவரம்பு பிளே-ஆஃபில் செல்லாமலும் இருந்தது. இதில்தான் ஓட்டை இருந்தது.

2020-21 சீசனில் தம்பா பே அணியின் நிகிதா குச்செரோவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. 95 லட்சம் டாலர் சம்பளக்காரர். வழக்கமான சீசனில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் சரியாக வந்து நின்றார். அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து 32 புள்ளிகளுடன் அந்தப் பிளே-ஆஃபிலேயே முதலிடம், கையில் கோப்பை. அப்போது அணியின் சம்பளம் 8.15 கோடி டாலர் உச்சவரம்பைவிட ஏறத்தாழ 1.8 கோடி அதிகம். லீக் விதிமீறல் எதையும் காணவில்லை. அறுவை உண்மை, காயம் உண்மை. எந்த நாளில் குணமானார் என்பதைத்தான் வெளியே இருந்து யாராலும் அளக்க முடியாது. சிகாகோவின் பாட்ரிக் கேன் 2015இல் காறை எலும்பு முறிந்து, சொன்ன கெடுவுக்கு முன்பே பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் திரும்பியதும், வேகாஸின் மார்க் ஸ்டோன் 2023இலும் 2024இலும் அதேபோல் திரும்பியதும் இந்த வரிசைதான். லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்தப்படி 2025-26 முதல் பிளே-ஆஃபிலும் களமிறங்கும் இருபது பேரின் சம்பளம் உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். ரசிகர்கள் வற்புறுத்தியதால் வந்த நேர்மை இல்லை. மற்ற அணிகளுக்கு வயிறு எரிந்ததால் வந்தது.

தலைக் காயம் வேறு விஷயம். 2011 ஜனவரி 1 அன்று பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பிக்குத் தலையில் ஓர் இடி. ஜனவரி 5 அன்று இன்னொன்று. லேசான மூளை அதிர்ச்சி, ஒரு வாரம் போல ஆகும் என்றது அணி. அவர் திரும்பியது நவம்பர் 21 அன்று. அணி வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். மூளை அதிர்ச்சிக்கு நாள் குறிப்பது மருத்துவர்களுக்கே கடினம். ஆனால் முதல் இடிக்குப் பிறகு அவரை ஆட விட்டதுதான் தவறு. அதே ஆண்டு மார்ச்சில் விதி மாறியது: சந்தேகம் வந்தால் அமைதியான அறையில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பின்னர், ஆட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் லீக்கின் கண்காணிப்பாளர்களே ஒருவரை வெளியேற்றச் சொல்லலாம் என்றும் ஆனது. அரங்குக்குள் இவ்வளவு கறார். மறுநாள் வெளியாகும் அறிக்கையிலோ அதே ‘மேலுடல் காயம்’. தலை என்று சொல்வதால் எதிரணிக்கு என்ன ரகசியம் கிடைத்துவிடும்? தலையில் அடிப்பது எப்படியும் தண்டனைக்குரிய குற்றம்தானே.

தொற்றுநோயில் மௌனம் இன்னும் ஆபத்து. 2014 இறுதியில் லீக்கில் பொன்னுக்குவீங்கி பரவியது. அனஹைம், மினசோட்டா, நியூ ஜெர்சி என்று ஆட்டக்காரர்கள் படுத்தார்கள். டிசம்பர் 12 அன்று கிராஸ்பி ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு நிருபர்கள் முன்னால் வந்தார். பொன்னுக்குவீங்கி இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பியில் வீக்கம் என்றார்கள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியேதான் தெரிந்தது. முதல் சோதனையில் நோய் தென்படவில்லை என்பது உண்மை. இரண்டு நாளில் அந்த நோய்தான் என்று உறுதியானது. அந்த ஆண்டின் ஒலிம்பிக்குக்கு முன் அவர் ஊக்கத் தடுப்பூசியும் போட்டிருந்தவர். வீக்கம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது தொற்றும். வீங்கிய பின் ஐந்து நாள் தனித்திருக்க வேண்டும். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டரை வாரம் ஆகும். தண்ணீர்ப் பாட்டிலைப் பகிரும் பெஞ்சில், எச்சில் பறக்கும் ஆட்டத்தில், இது போதாதா? இங்கே தகவல் தேவைப்படுபவர்கள் ரசிகர்கள் மட்டும் இல்லை. அடுத்த வாரம் மோதப்போகும் அணிக்கும், அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தேவை.

2020 கோடையில், டொராண்டோவிலும் எட்மன்டனிலும் அடைத்து வைத்து ஆடியபோது, ‘ஆடத் தகுதியில்லை’ என்பதே எல்லாருக்கும் ஒரே பதில். கோவிட் ஆனாலும் கால் சுளுக்கானாலும் அதுதான். அடுத்த சீசனிலேயே கோவிட் நடைமுறையில் இருப்பவர்களின் பெயர்களை லீக் தினமும் வெளியிட்டது. அதனால் எந்த அணியும் கெட்டுப்போகவில்லை.

அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் வாரத்துக்கு மூன்று நாள் காய அறிக்கை வர வேண்டும், உடலின் எந்தப் பகுதி என்ற குறிப்போடு. ஆட்டக்காரர் பிரெட் ஃபார்வின் கைத்தசைக் காயத்தை மறைத்ததற்காக 2009இல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கும் அதன் பொது மேலாளருக்கும் முன்னாள் பயிற்சியாளருக்கும் மொத்தம் 1,25,000 டாலர் அபராதம் விழுந்தது. 2018 மேயில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழி திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் என்.ஹெச்.எல். ஒரு சூதாட்ட நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. காய அறிக்கை மட்டும் பழையபடியே இருக்கிறது. கோல்கீப்பருக்குத் தொடை இடுக்கில் வலி என்பது உடை மாற்றும் அறையில் துண்டு மடிப்பவருக்குத் தெரியும். பந்தயம் கட்டியவருக்குத் தெரியாது. அந்தத் துண்டு மடிப்பவரின் தொலைபேசிக்கு என்ன விலை வரும் என்பதை லீக் யோசித்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே.