வெள்ளியங்காட்டு வேலியோரம்: என் தாளில் நிறைய ‘தெரியவில்லை’

வணக்கங்க. கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கையில் போன், இன்னொரு கையில் அட்டையும் பென்சிலும். பேனா கிடையாது. தூறலில் மை கரைந்து ஒரு நாள் வேலையே போனது, அதற்கப்புறம் பென்சில்தான்.

காரமடை தாண்டி வெள்ளியங்காடு பக்கம் இருக்கிறேன். இந்தப் பக்கம் பாக்குத் தோப்பு, அந்தப் பக்கம் காடு, நடுவில் சோலார் வேலி. வேலியை ஒட்டி ஓர் அரை கிலோமீட்டர் வண்டித்தடம் போகிறது, பாருங்க. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இந்தத் தடத்தில் நடந்து பட்டாம்பூச்சி எண்ணுவதுதான் வேலை. சாயங்காலம் 4 மணிக்கு மேல் இங்கே நிற்க மாட்டோம், ஆனை வரும்.

நடப்பது என்றால் வாக்கிங் இல்லை. இடப்பக்கம் 2.5 மீட்டர், வலப்பக்கம் 2.5 மீட்டர், முன்னால் 5, மேலே 5, நம்மோடு கூடவே ஒரு கண்ணாடிப் பெட்டி நகர்ந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வருகிறதை மட்டும் எழுத வேண்டும். 1970களில் இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்ட் என்பவர் கொண்டுவந்த முறை. நேற்று பாக்கு மர உச்சியில் ஒரு பொன்னழகிப் பட்டாம்பூச்சி போனது, சாணுக்குக் கொஞ்சம் குறைவான அகலம், பின்னிறக்கை தகதகவென்று மஞ்சள், ஆனால் பெட்டிக்கு வெளியே. கணக்கில் வராது. ஓரத்தில் குறித்து வைத்தேன், வயிறு எரிந்தது.

சரி, இந்த மாதத்தில் ஏன் என்றால், இது வலசை நேரம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போகிற கூட்டம், வடகிழக்குப் பருவமழை சமயத்தில் திரும்ப மேற்கே வரும். பெரும்பாலும் வரியன்களும் கருப்பன்களும்தான்: நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் இப்படி. அதை நடந்துகொண்டே எண்ண முடியாது. அதோ அந்த இரண்டு பனைக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, 5 நிமிடம் கோட்டைத் தாண்டுவதை மட்டும் எண்ண வேண்டும். எந்தத் திசைக்குப் போகிறது, காற்று எப்படி, மேகம் எவ்வளவு, எல்லாம் தாளில் ஏறும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதல் மூன்று நாளும் தாண்டிய வரியன் அத்தனையையும் ‘நீல வரியன்’ என்று வேகமாக எழுதித் தள்ளினேன், பக்கம் பக்கமாக, பெருமையாக வேறு இருந்தது. ராத்திரி அறையில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கருநீலம்! உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் தெரியும், நீல வரியனுக்கு வெளிர்நீலப் பட்டைகள் அகலமாக இருக்கும், கருநீலத்துக்கு ஒல்லி, கருப்புதான் தூக்கலாகத் தெரியும். வேகமாகப் பறக்கும்போது சத்தியமாக எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை. மூன்று நாள் தாளையும் அடித்துவிட்டு, எண்ணிக்கையை அப்படியே விட்டு, இனம் என்கிற இடத்தில் ‘வரியன், இனம் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கூட வேலை செய்கிறவர் ஒருவர், பாதிக்குப் பாதி போட்டுவிடேன், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்குத் தெரியுமே. இப்போது என் தாளில் அந்த ‘தெரியவில்லை’தான் அதிகம், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

இப்போது இதைப் பாருங்க, போனைக் கிட்டே கொண்டுபோகிறேன். இது கிலுகிலுப்பைச் செடி. ஆட்டினால் காய்ந்த காய்க்குள் விதை சத்தம் கேட்கிறதா? மஞ்சள் பூ மேல் ஒன்றுகூட உட்காரவில்லை, கவனியுங்கள். எல்லாம் வாடின இலையிலும் காயிலும்தான். இந்தக் கருநீல வரியன் காலால் இலையைப் பிராண்டுகிறது, அப்புறம் உறிஞ்சுகுழலை நீட்டி ஈரம் விட்டுத் திரும்ப உறிஞ்சுகிறது. தேன் இல்லை, செடியில் இருக்கிற ஆல்கலாய்டு என்கிற ரசாயனம். அதை வைத்துத்தான் ஆண் பூச்சி பெண்ணை இழுக்கிற வாசனையைத் தயாரிக்கிறது. அதனால்தான் இங்கே இருப்பதெல்லாம் அநேகமாக ஆண்கள், டீக்கடை பெஞ்சு மாதிரி. விரலை இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறேன், அசையவே இல்லை.

போன வீடியோ பார்த்துவிட்டு ஒருவர், தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியைக் காட்டச் சொன்னீங்க. 2019இல் அறிவித்தார்களே, தமிழ் மறவன். அது மலைக்காட்டுப் பூச்சிங்க, இந்த வேலியோரத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை, கிடைத்தால் தனி வீடியோ போடுகிறேன்.

இந்தத் தோட்டத்து ஆத்தா முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பட்டாம்பூச்சி எண்றதுக்கா கண்ணு கூலி குடுக்கறாங்க?” என்று கேட்டார். ஆமாங்க ஆத்தா என்றேன். சிரித்து முடித்துவிட்டு, “மழைக்கு முன்னால கூட்டங்கூட்டமா மேக்கால போகுமே, அதுங்களா?” என்றார் பாருங்கள், நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வாசலில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறார்.

ஆனால் இந்தக் கிலுகிலுப்பை அவருக்குக் களை. வெட்ட ஆள் சொல்லிவிட்டார். நான் கெஞ்சிக் கேட்டதில், “தீபாவளி வரைக்கும் உடறேன் கண்ணு, அப்புறம் களை எடுத்தே ஆகோணும்” என்கிறார். எனக்கு நவம்பர் கடைசி வரை வேண்டும். இன்றைக்கு மோர் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார், இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன்.

மேகம் கட்டிவிட்டது, வெயில் போனதும் பாருங்க, எல்லாம் இலைக்கு அடியில் போய்விட்டன. 12.10 மணி, பூஜ்யம். எழுதிவிட்டேன். அடுத்த 5 நிமிடம் ஆரம்பிக்கிறது, போனை வைக்கிறேன்.