சாலை ஆய்வாளர் காட்டுக்குள் கட்டிய ஊர்

(நெடுஞ்சாலை, பொதுப்பணித் துறைப் பொறியாளர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் உங்கள் துறைக்காரர்தான். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த். அங்கே இருக்கும் ராக் கார்டன் என்ற சிலைத் தோட்டத்தைக் கட்டியவர்.

1924-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பம். 1950-களின் தொடக்கத்தில் சண்டிகர் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் திட்டப்படி புது நகரம் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. நகரத்துக்கு இடம் வேண்டும் என்று அங்கே இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து இடித்தார்கள். அந்த இடிபாட்டில் செங்கல், ஓடு மட்டுமா கிடந்திருக்கும்? உடைந்த பானை, பீங்கான் தட்டு, வளையல் துண்டு என்று ஜனங்கள் புழங்கிய அத்தனையும் கிடந்தது. சொந்த ஊரை இழந்து வந்த ஒரு மனிதர், இன்னொருவர் ஊர் இடிபடுவதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். இதை நினைத்துப் பார்க்காமல் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இடிபாட்டுப் பொருட்களையும், ஆற்றோரத்தில் கிடைக்கும் விசித்திர வடிவக் கற்களையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வருவார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், கட்டடமே எழுப்பக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காட்டு நிலம் ஒன்று இருந்தது. அங்கே புதரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இடம் பண்ணி, 1957 வாக்கில் சேர்க்கத் தொடங்கியவர், பிறகு சிலை செய்யவும் ஆரம்பித்தார். ராத்திரியில் வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்திக்கொள்வார். அரசு நிலம், அனுமதி கிடையாது, தெரிந்தால் வேலை போய்விடும். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தது.

அந்தச் சிலைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். துருப்பிடித்த சைக்கிள் பிரேமை எடுத்துக்கொள்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இருக்கிறதே, அதைத் தலைகீழாக்கினால் இரண்டு கால். சைக்கிள் சீட்டு ஒரு விலங்கின் முகம். அதன்மேல் சிமெண்ட் கலவையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் உடைந்த கண்ணாடி வளையல்களை நெருக்கி நெருக்கிப் பதிக்கிறார். பச்சை வளையல் பாவாடையாகிறது, சிவப்பு வளையல் மேலாடையாகிறது. இப்படிச் செய்த பெண்கள் வரிசை வரிசையாக நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், அடுக்கி வைத்த தார் டிரம்கள் சுவராக நிற்கின்றன. உடைந்த வாஷ்பேசின், மின்சாரப் பீங்கான் கட்டைகள், டியூப்லைட், பட்டறைகளில் கொட்டிய கசடு, எல்லாவற்றுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. சிற்பப் பள்ளியில் படித்தவர் இல்லை. ஆனால் கலவை எவ்வளவு நேரத்தில் இறுகும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதெல்லாம் சாலை போடுகிறவருக்குத் தெரியும்தானே! தோட்டத்தின் நடைபாதைகள் வளைந்து, குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல்களைக் கடந்து, திடீரென்று அருவிக்கு முன்னால் கொண்டுபோய் விடுகிற அழகில் அந்த அனுபவம் தெரிகிறது.

1970-களின் நடுவில் விஷயம் வெளியே தெரிந்தபோது ஏறக்குறைய 12 ஏக்கரில் ஒரு ஊரே இருந்தது. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளியிருக்கலாம், யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் நகர நிர்வாகத்தில் இருந்த சிலர் நேரில் போய்ப் பார்த்தார்கள். 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்கு உபகோட்டப் பொறியாளர் என்ற பதவி, சம்பளம், உதவிக்கு 50 தொழிலாளர்கள். 1984-ல் பத்மஸ்ரீ. இன்று அது 40 ஏக்கர்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இந்த மாதிரிப் படைப்புகள் மியூசியத்தில் பிறப்பதில்லை. புறம்போக்கில், கொல்லையில், பாலத்தில் முளைக்கின்றன. அவை பிழைக்குமா போகுமா என்பது கோப்பை வைத்திருக்கும் ஓர் அதிகாரி எழுந்துபோய்ப் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சைமன் ரோடியா என்ற இத்தாலியக் கூலித் தொழிலாளி, வாட்ஸ் என்ற ஏழைப் பகுதியில் தன் சின்ன மனையில் 1921-ல் தொடங்கி 33 ஆண்டுகள் தனியாளாகக் கோபுரங்கள் எழுப்பினார். மிக உயரமானது ஏறக்குறைய 100 அடி. வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. கம்பியை அருகில் இருந்த ரயில் தண்டவாளத்தில் செருகி வளைப்பார், இரண்டு கம்பி சேரும் இடத்தில் ஒயரையும் வலையையும் சுற்றிக் கலவை பூசுவார். அதன்மேல் சிப்பி, உடைந்த ஓடு, பச்சை சோடா பாட்டில். சாரம் கட்டியதும் இல்லை. அதுவரை கட்டியதையே ஏணியாக்கி, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வாளியோடு மேலே ஏறிவிடுவார்.

1950-களின் நடுவில் இடத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனார். மாநகராட்சி, ஆபத்தான கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இடத்தை வாங்கியிருந்த இரண்டு இளைஞர்கள் எதிர்த்தார்கள். பட் கோல்ட்ஸ்டோன் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, தாங்கும் என்றார். சரி, சோதித்துவிடலாம் என்று 1959 அக்டோபரில் உயரமான கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுத்தார்கள். 10,000 பவுண்டு விசை, அதாவது நாலரை டன். கோபுரம் நின்றது. இழுத்த ஏற்பாடுதான் பழுதானது! இடிப்பு உத்தரவு அதோடு போயிற்று. ஒரு கலைப்படைப்பைக் காப்பாற்றியது சுமைச் சோதனை என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிரான்சில் ஓத்ரீவ் என்ற கிராமத்துத் தபால்காரர் ஃபெர்தினான் ஷெவாலை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1879-ல் தபால் கொண்டுபோகும் வழியில் காலில் தட்டிய ஒரு கல்லில் தொடங்கி, 33 ஆண்டுகள் தள்ளுவண்டியில் கல் சேர்த்து ஒரு மாளிகை கட்டினார். 1969-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. லண்டனில் பென் வில்சன், நடைபாதையில் துப்பி ஒட்டிப்போன சூயிங்கத்தின் மேல் நாணய அளவில் ஓவியம் வரைகிறார். தேம்ஸ் ஆற்றின் மேல் இருக்கும் மிலேனியம் பாலத்திலும் இப்படி வரைந்திருக்கிறார். பாலத்தின் மேல் வரைந்தால் குற்றம். துப்பிய சூயிங்கம் பாலத்தைச் சேர்ந்தது இல்லையே!

மறுபடி சண்டிகருக்கு வருகிறேன். 1990-ல் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை போட புல்டோசர் வந்தபோது நகர மக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். நேக் சந்த் 2015-ல் காலமானார். 2025 பிப்ரவரியில், பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்தின் போக்குவரத்து நெரிசலுக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். மக்கள் எதிர்த்துப் பார்த்தும் நிற்கவில்லை. நெரிசல் நிஜமான பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. வாகனங்களை நிறுத்த வேறு இடம் தேடலாம், சாலையைக் கொஞ்சம் திருப்பலாம். அந்தக் கையால் எழுந்த சுவரை இனி யார் கட்டுவது?

உங்கள் எல்லையில் ஆக்கிரமிப்பு அகற்றும் பட்டியல் வரும்போது, அதில் இப்படி ஏதாவது ஒன்று இருந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை நேரில் போங்கள். அளவெடுங்கள், படம் எடுங்கள், கட்டியவர் உயிரோடு இருந்தால் எப்படிக் கட்டினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ரோடியாவின் கம்பிக் கட்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். மேசைமேல் வைக்கிறேன், வந்து பாருங்கள். அந்த இணைப்பைப் பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன். நன்றி, வணக்கம்.