புத்தாண்டை டிசம்பர்லயே கொண்டாடி முடிச்சுட்டாங்க! டிவி "லைவ்" எவ்வளவு லைவ்?

[திரை: கருப்பு. குரல் மட்டும்.]

பத்து... ஒன்பது... எட்டு...

[திரை: கூட்டம், விளக்கு, உயரப் பறக்குற காகிதத் துணுக்கு]

இங்கிலாந்துல ஒரு டிவி ஸ்டுடியோ. பாட்டுக்காரங்க, நடிகர்கள், கையில கோப்பை. எல்லாரும் சேர்ந்து எண்ணுறாங்க. பூஜ்யம் வந்ததும் கட்டிப்பிடிச்சு, கை கோத்து, "ஹேப்பி நியூ இயர்"னு ஒரே கத்தல். வீட்டுல சோஃபால உக்காந்திருக்குறவரும் கூடவே எழுந்து கத்துறார்.

ஆனா அந்த ஸ்டுடியோ ஆளுங்களுக்கு அன்னைக்கு இன்னும் கிறிஸ்துமஸே வரல!

வணக்கம் மக்களே. இதுதான் பிபிசி 2-ல டிசம்பர் 31 ராத்திரி வர்ற, இசைக்கலைஞர் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்துற "ஹூட்டனானி". 1990-கள்லேருந்து வருது. டிசம்பர்ல முன்கூட்டியே எடுத்து வெச்சுடுறாங்க. யோசிச்சுப் பாருங்க, வராத வருஷத்துக்கு வாழ்த்து சொல்லிட்டு, மறுநாள் காலையில அதே பழைய வருஷத்துல எழுந்து பல் தேய்க்கணும்.

இது ஏமாத்தா? "இது பதிவு செய்யப்பட்டது"ன்னு ஓரத்துல போடணுமா? வீடியோ முடியறதுக்குள்ள என் கட்சியைச் சொல்லிடுறேன். இந்த வீடியோவும் லைவ் இல்ல, மூணாவது டேக். முதல் ரெண்டுல பக்கத்து வீட்டு மிக்சி ஓடுச்சு.

வரலாறை வேகமா ஓட்டிடுறேன். ஆரம்பத்துல டிவில பெரும்பாலும் எல்லாமே நேரடிதான். 1956-ல ஆம்பெக்ஸ் கம்பெனி வீடியோ டேப் கொண்டுவந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 30-ந்தேதி அமெரிக்காவுல சிபிஎஸ் அதுல செய்தியைப் பதிவு பண்ணி மேற்குக் கரைக்குத் தாமதமா ஒளிபரப்புச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது.

ஆனா அதுக்கு முன்னாடி ரேடியோல நடந்தது இருக்கே, அதுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரை: பழைய ரேடியோ பெட்டி]

அமெரிக்காவோட பெரிய ரேடியோ கம்பெனிகள் பதிவு செஞ்சதை ஒலிபரப்பவே கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. 1937 மே 6-ந்தேதி நியூ ஜெர்சியில ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் பத்தி எரிஞ்சப்போ, ஹெர்ப் மாரிசன்னு ஒரு அறிவிப்பாளர் அழுதுகிட்டே வர்ணிச்சாரு. இன்னைக்கும் நிறைய பேர் அதை லைவ்னே நினைச்சுட்டு இருக்காங்க. இல்ல, அது இசைத்தட்டு மாதிரி ஒரு வட்டுல பதிவானது. அதை ஒலிபரப்ப, அந்தப் பெரிய கம்பெனிகள்ல ஒண்ணான என்பிசி தன்னோட சொந்த விதியையே தளர்த்த வேண்டியதாயிடுச்சு.

இப்ப நம்ம ஹீரோ வர்றாரு. பிங் க்ராஸ்பி. பாடகர், அன்னைக்குப் பெரிய நட்சத்திரம். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூணு மணி நேர வித்தியாசம் இருக்குறதால, ஒரே நிகழ்ச்சியை ஒரே நாள்ல ரெண்டு தடவை நேரடியா பண்றதுதான் அப்போ வழக்கம். அதே பாட்டு, அதே ஜோக், முதல் தடவை கேக்குற மாதிரி அதே சிரிப்பு. மனுஷனுக்கு கோல்ஃப்னா உயிரு. பதிவு பண்ணிக் குடுத்துடுறேனேன்னு கேட்டாரு. என்பிசி முடியாதுன்னுடுச்சு. 1946-ல போட்டிக் கம்பெனியான ஏபிசிக்குப் போயிட்டாரு, அங்க ஒத்துக்கிட்டாங்க.

முதல்ல வட்டுல பதிவு பண்ணாங்க. வெட்டி ஒட்டி மறுபடி பதிவாக்க, சத்தம் கரகரத்துச்சு. அப்பதான் ஜாக் முல்லின்னு ஒரு ராணுவப் பொறியாளர், போர் முடிஞ்சு ஜெர்மனிலேருந்து ரெண்டு டேப் ரெக்கார்டரும் 50 சுருள் டேப்பும் கொண்டுவந்திருந்தாரு. 1947-ல க்ராஸ்பி அவரை வேலைக்கு எடுத்தாரு. பின்னாடி டேப் ரெக்கார்டர் செய்ய ஆம்பெக்ஸுக்கு 50,000 டாலரும் குடுத்தாரு. ஆமா, முன்னாடி சொன்ன அதே ஆம்பெக்ஸ்தான்!

இப்ப பாருங்க கூத்தை. க்ராஸ்பி நிகழ்ச்சிக்கு வந்த பாப் பர்ன்ஸ்னு ஒரு நகைச்சுவைக்காரர் ஒருநாள் கொஞ்சம் பச்சையான பண்ணை ஜோக்குகளை எடுத்துவிட, அரங்கமே விழுந்து விழுந்து சிரிச்சுது. ஜோக்கை ஒலிபரப்ப முடியாது. ஆனா சிரிப்பை ஏன் தூக்கிப் போடணும்? டேப்பை வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டாங்க. சில வாரம் கழிச்சு வேற ஒரு நிகழ்ச்சி சப்புன்னு போச்சாம். அந்தச் சிரிப்பை எடுத்து இங்க ஒட்டிட்டாங்க. இதை முல்லினே பின்னாடி சொல்லியிருக்காரு.

கோல்ஃப் ஆட நேரம் வேணும்னு கேட்டு வந்த டேப்பு, வந்த கையோட இன்னொருத்தன் ஜோக்குக்கு விழுந்த சிரிப்பைத் திருடிடுச்சு! எனக்கு இதுல கோபமே வரல, சொல்லப்போனா கைதட்டத்தான் தோணுது. நம்ம ஊர் காமெடி ஷோல யாருமே சிரிக்காத ஜோக்குக்கு "ஹாஹாஹா"ன்னு சத்தம் வர்றப்போ, அதுக்குக் கொள்ளுத்தாத்தா இந்த ஒட்டுச் சிரிப்புதான்னு நினைச்சுக்கோங்க.

சரி, கோபம் எங்க வரணும்? பணத்துல, ஓட்டுல.

2008-ல பிரிட்டனோட ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், பிபிசிக்கு மொத்தம் 4 லட்சம் பவுண்டு அபராதம் போட்டுச்சு. அதுல பெரிய தொகை, 1,15,000 பவுண்டு, லிஸ் கெர்ஷாங்கிறவர் நடத்தின ரேடியோ நிகழ்ச்சிக்கு. முன்கூட்டியே பதிவு பண்ணிட்டு, லைவ் மாதிரி போட்டி நடத்தியிருக்காங்க. போன்ல வந்து கலந்துக்கிட்டது யாரு? நிகழ்ச்சிக் குழு ஆளுங்களும் அவங்களுக்குத் தெரிஞ்சவங்களும்! வீட்டுல கேட்டுட்டு இருந்தவர் ஜெயிக்க வழியே கிடையாது. அதுக்கு முந்தின வருஷம் ஜிஎம்டிவிங்கிற காலை நேர டிவிக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம். போன்ல கலந்துக்குற போட்டில, லைன் மூடுறதுக்கு முன்னாடியே வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்துட்டு, அதுக்கப்புறம் போன் பண்ணவங்ககிட்டயும் காசு வாங்கினாங்க.

இதோட, பிபிசியோட நடனப் போட்டி "ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்"கை வெச்சுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை வர்ற முடிவு சனிக்கிழமை ராத்திரியே எடுத்தது. தொகுப்பாளர்கள் உடை மாத்திக்கிட்டு நிப்பாங்க. ரகசியமும் அன்னைக்கு ராத்திரியே கசிஞ்சுடும். ஆனா ஓட்டுப் பதிவு முடிஞ்சு, எண்ணி முடிச்ச பிறகுதான் ரெக்கார்டிங். யார் காசும் வீணாப் போகல. என் கணக்குல பாஸ்.

அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் எழுதின பழைய விதி ஒண்ணு இருக்கு. நேரம் முக்கியமா இருக்குற நிகழ்ச்சி, இல்லேன்னா இப்பவே நடக்குற மாதிரி நம்ப வைக்கிற நிகழ்ச்சி பதிவா இருந்தா, ஆரம்பத்துலயே சொல்லிடணும். எல்லாத்துக்கும் சொல்லணும்னு கேக்கல பாருங்க.

நம்ம தீபாவளி பட்டிமன்றத்தையே எடுத்துக்கோங்க. "காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, இட்லி சாப்பிட்டு வந்து உக்காந்திருப்பீங்க"ன்னு நடுவர் சொல்லுவாரு. அவரும் குளிச்சுட்டுதான் வந்திருப்பாரு, ஆனா அது வேற ஏதோ ஒரு கிழமை. நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். இதுக்கு எச்சரிக்கை போட்டா பட்டிமன்றமே செத்துடும்.

ஆனா செய்தி? ஒருநாள் அம்மா ஊர்லேருந்து பதறிப்போய் போன் பண்றாங்க. "டேய், வேளச்சேரில தண்ணி இடுப்பளவு ஓடுதாமே, மாடிக்குப் போடா!" நான் வேளச்சேரிலதான் இருக்கேன். மொட்டைமாடிலதான் இருந்தேன், துணி காயப்போட்டுட்டு. லேசான தூறல்கூட இல்ல. டிவில ஓடினது 2015 டிசம்பர் வெள்ளம். மழை எச்சரிக்கைச் செய்திக்குப் பின்னாடி சும்மா ஓட விட்டிருக்காங்க. மேல சிவப்புல "நேரலை" அப்படியே இருந்துச்சாம், "கோப்புக் காட்சி"ன்னு ஒரு வார்த்தை இல்ல.

எந்த சேனல்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு பிபி மாத்திரை போடற அளவுக்குப் போயிடுச்சுன்னு மட்டும் சொல்றேன். அதனால என் கட்சி இதான். நீ எண்ணெய் தேய்ச்ச கதையை எப்ப வேணா சொல்லிக்கோ, ஓசிச் சிரிப்பையும் ஒட்டிக்கோ. ஆனா அதைப் பார்த்துட்டு ஒருத்தர் காசு கட்டுவாரு, ஓட்டுப் போடுவாரு, பதறி போனை எடுப்பாருன்னா, எப்ப எடுத்ததுன்னு கொட்டை எழுத்துல போடு.

ஹூட்டனானியை ஒத்துக்க மாட்டேன்னு சொல்றவங்க இருப்பீங்க. "பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான்யா"ன்னு என் எடிட்டரே சண்டை போடுறான். அவன் பக்கம்னா கமெண்ட்ல "12", என் பக்கம்னா "கோல்ஃப்". ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கு எண்ணிப் பார்த்து சொல்றோம், நெசமாவே லைவ்ல. மிக்சி ஓடினா ஓடட்டும்.