இறால் ஓட்டையும் எடை போடுங்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, என்னை அழைத்தே தீர வேண்டும் என்று இறுதிவரை வாதாடிய செயலாளர் அவர்களே, மீன்வளத் துறையின் உயர் அலுவலர்களே, வேதியியல் பேராசிரியப் பெருமக்களே, பதப்படுத்தும் ஆலைகளின் உரிமையாளர்களே, மேடையில் இடமின்றிக் கீழே அமர்த்தப்பட்டிருந்தாலும் இன்றைய பொருளுக்கு எங்கள் அனைவரையும்விட உரிமையுடைய, இறால் உரிக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையுரை ஆற்றிய பெரியவர் கடல்வளம் பற்றி மிக விரிவாகப் பேசி, எனக்கென ஒதுக்கிய நேரத்தில் பாதியையும் பெருந்தன்மையோடு பயன்படுத்திக்கொண்டார். அவருடைய வயதுக்கும் புலமைக்கும் அந்த உரிமை உண்டு.

மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணுகிறேன். நாம் குப்பையில் கொட்டும் இறால், நண்டு, சிப்பி ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது முதலாவது. அதை எப்படிப் பிரித்தெடுப்பது என்பது இரண்டாவது. எடுத்த பொருளுக்குச் சந்தை எங்கே என்பது மூன்றாவது. மூன்றுக்கும் நான் ஒரே பழமொழியைத்தான் துணைக்கு அழைப்பேன். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் அதை எதிர்பார்த்தே வந்திருப்பார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓடாக மட்டும் உலகில் ஆண்டுதோறும் 60 முதல் 80 லட்சம் டன் வரை கழிவு சேர்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஓட்டில் 20 முதல் 40 விழுக்காடு புரதம், 20 முதல் 50 விழுக்காடு கால்சியம் கார்பனேட், 15 முதல் 40 விழுக்காடு கைட்டின், அதாவது ஓட்டுக்கு உறுதி தரும் நார் போன்ற பொருள். இவற்றோடு அஸ்டாசாந்தின் என்னும் சிவப்பு நிறமியும் உண்டு. உயிருள்ள இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. வெந்நீரில் அந்தப் புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளிப்படுகிறது. சிப்பி ஓடோ முற்றிலும் வேறு இனம். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். கைட்டின் தேடி அதை அமிலத்தில் கரைப்பவர் அமிலத்தையும் இழப்பார், ஓட்டையும் இழப்பார்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல அவைத் தலைவர் அனுமதிக்க வேண்டும். 1876ஆம் ஆண்டுக் கோடைக்காலம், இடம் ஜெர்மனி. 1828லேயே யூரியாவை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டி உலகை வியப்பில் ஆழ்த்திய பிரெடரிக் வோலர் அப்போது முதியவர். அவருடைய உறவினரான ஜார்ஜ் லெடர்ஹோஸ் என்னும் இளைஞர், அவருடைய ஆய்வகத்தில் பயின்றுகொண்டிருந்தார். விருந்தினராக வந்தவர் பெலிக்ஸ் ஹோப்பே-சைலர், இரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவர். மூவரும் சிங்கி இறால் விருந்து உண்டார்களாம். உண்டு முடித்தபின் தட்டில் ஓடும் கொடுக்குகளும் குவிந்து கிடக்க, இவற்றை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று பார், ஏதேனும் கிடைக்கும் என்று இளைஞரிடம் சொன்னார்களாம். தட்டை எடுக்க வந்த பணியாளர் என்ன நினைத்திருப்பார் என்று கதை சொல்லவில்லை; குப்பைக்குப் போக வேண்டியதைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு போகும் விருந்தாளியைப் பற்றி அவர் அடுக்களையில் பேசியிருக்கக் கூடியதை நானே கற்பனை செய்து பலமுறை சிரித்திருக்கிறேன். இளைஞர் அந்த ஓடுகளை அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சூடாக்கினார். ஓடு கரைந்தது. கரைசலைச் சுண்டக் காய்ச்சியதும் அழகிய படிகங்கள் தோன்றின. இன்று மூட்டுவலிக்காரர்கள் மாத்திரையாக விழுங்கும் குளுக்கோசமைன் ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து அவ்வாறுதான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. (அது வலியை எந்த அளவுக்குத் தணிக்கிறது என்ற வழக்கை மருத்துவர்கள் இன்னும் முடிக்கவில்லை.) அந்த இளைஞர் பின்னாளில் அறுவை மருத்துவராகி, பாதத்தில் வரும் ஒரு நோய்க்குத் தம் பெயரையே விட்டுச் சென்றார். விருந்தினரான ஹோப்பே-சைலரோ 1894இல், கைட்டினைக் காரத்தில் மாற்றிப் பெறும் கைட்டோசனுக்குப் பெயரிட்டு மீண்டும் இந்த ஓட்டு வரலாற்றுக்குள் வந்தார்.

கதை கேட்டுக் கைதட்டினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த மூட்டையில் இருந்தது ஒரே வகை ஓடு என்பதையும், அது அப்போதுதான் உண்டு முடித்த ஓடு என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். மூன்று நாள் வெயிலில் கிடந்து, சிப்பியும் மணலும் பிளாஸ்டிக்கும் கலந்த குவியலை அவரிடம் கொடுத்திருந்தால் படிகம் தோன்றியிருக்குமா?

பிரித்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். சுண்ணமாகிய கால்சியம் கார்பனேட்டை நீக்க நீர்த்த அமிலம், புரதத்தை நீக்க நீர்த்த காஸ்டிக் சோடா, எஞ்சுவது கைட்டின். அது நீரில் கரையாது. அதையே 40 முதல் 50 விழுக்காடு செறிவுள்ள சூடான காஸ்டிக் சோடாவில் வைத்தால் அதன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்னும் சிறு அணுத்தொகுதிகள் கழன்று கைட்டோசனாகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்திலேயே அது கரைந்து நேர்மின்னேற்றம் பெறும். எதிர்மின்னேற்றமுள்ளவற்றையெல்லாம் ஈர்த்துப் பிடிக்கும் இந்தக் குணத்தால்தான் கலங்கிய நீரைத் தெளியவைக்கவும், காயத்தில் குருதியை உறையவைக்கவும் அது பயன்படுகிறது. கைட்டோசன் இட்ட காயக்கட்டு ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது போர்க்களத்துக்கும் சென்றது.

ஆயினும் இந்தத் தொழில் தானே கழிவை உண்டாக்கும் தொழில் என்பதை ஆலை உரிமையாளர்கள் முன்னிலையில் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ கைட்டோசனுக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. அமிலமும் காரமும் கலந்த அந்த நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஓட்டைக் கொட்டியதைவிடப் பெருந்தீங்கு விளையும். லாக்டிக் அமில நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தால் அமிலத்தின் தேவை குறைகிறது, புரதமும் தீவனத்துக்கு மீள்கிறது. அந்த முறைக்குப் பொறுமை வேண்டும். இங்கும் ஆடிக் கறக்கிற மாடும் பாடிக் கறக்கிற மாடும் உண்டு.

எந்த முறையானாலும் முதல் சில மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இறால் தலையிலுள்ள நொதிகள் உடனே புரதத்தைச் சிதைக்கத் தொடங்கிவிடும்; நுண்ணுயிர்கள் கைட்டினின் நீண்ட சங்கிலிகளையே வெட்டத் தொடங்கும்; நிறமி காற்றுபட்டு வெளுக்கும். ஆகவே ஆய்வகத்தில் அல்ல, உரிக்கும் மேசையில்தான் இந்தத் தொழில் தொடங்குகிறது. அங்கே அமர்ந்திருப்பவருக்கு உரித்த சதையின் எடைக்குக் கூலி. ஓட்டுக்கு ஒரு காசும் இல்லை. காசில்லாத பொருளை அவர் ஏன் பிரித்துவைக்க வேண்டும், ஏன் பனிக்கட்டி இட வேண்டும்? பல லட்சம் செலவிட்டு ஆலை கட்டுவோர், அந்த மேசையில் எடைத்தராசு வைக்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை. நொதிக்குரிய பக்குவத்தை அறிந்த நாம் உழைப்பவருக்குரிய பக்குவத்தை அறியாமல் இருக்கிறோம். கறக்க மட்டும் தெரிகிறது, ஆடவும் பாடவும் மனமில்லை.

சந்தை என்னும் மூன்றாம் செய்திக்கு நேரமில்லை என்று அவைத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சிப்பி ஓட்டைச் சில மாதங்கள் வெயிலில் காயவைத்துக் கடலுக்கே திருப்பினால் இளஞ்சிப்பிகள் அதன்மேல் ஒட்டி வளரும் என்பதையேனும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பேராசிரியர்கள் பிற்பகலில் பேசுவார்கள்.

இந்த அவையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். உரிக்கும் கூடம் ஒவ்வொன்றிலும் இறால் ஓட்டுக்கும் நண்டு ஓட்டுக்கும் சிப்பி ஓட்டுக்கும் தனித்தனித் தொட்டி வேண்டும். உரித்த ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டுக்குப் பனிக்கட்டி இட வேண்டும். ஓட்டின் எடை, உரித்தவரின் பெயரில் பதிவாக வேண்டும். அந்த எடைக்குரிய தொகை அன்றைய கூலியோடு சேர்ந்து அவர் கைக்கு வர வேண்டும். முன்வரிசையிலுள்ள மூத்த தொழிலாளி அம்மையார் வழிமொழிய இசைந்திருக்கிறார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.