கட்டி இருக்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

1884-ஆம் ஆண்டு. லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஸ்காட்லாந்து விவசாயி ஒருவர் சேர்ந்தார். வயது 25. முகத்தின் இடது பக்கத்தில் தொடங்கிய துடிப்பு, நாளடைவில் இடது கைக்கும் வந்து, கை வலுவிழந்து போயிருந்தது. ஸ்கேனை விடுங்கள், எக்ஸ்ரேயே 1895-இல்தான் வந்தது. ஆனால் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் துடித்த வரிசையை வைத்தே, மூளையின் வலப்பக்கம் இன்ன இடத்தில் கட்டி என்று சொல்லிவிட்டார். நவம்பர் 25 அன்று ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறந்தார். சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது. பாவம், நோய்த்தொற்றால் ஒரு மாதத்துக்குள் அந்த இளைஞர் இறந்துவிட்டார்.

மூளைக்கட்டி என்றால் எல்லோரும் நினைப்பது தலைவலியைத்தான். ஆனால் கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பல நேரம் அறிகுறியைத் தீர்மானிக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்தால் பக்கவாட்டுப் பார்வை குறையலாம். சிலருக்குக் கையும் காலும் பெருத்து, மோதிரமும் செருப்பும் மெல்ல மெல்லச் சிறிதாகிப் போகும். செவி நரம்பில் வந்தால் ஒரு காது மட்டும் மந்தமாகும். போனை மறு காதுக்கு மாற்றிப் பேசத் தொடங்கியிருப்பார், அவருக்கே அது தெரிந்திருக்காது. சிறுமூளையில் வந்தால் நடை தள்ளாடும்.

எனக்கு ரொம்பச் சங்கடம் தருவது மூளையின் முன்பகுதியில் வரும் கட்டிதான். வலி இல்லாமல் ஆளின் குணத்தை மாற்றிவிடும். கணக்கில் புலியாக இருந்த ஒரு கடைக்காரர் மாதக்கணக்கில் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சண்டை. மந்திரிக்கவும் அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு அவர் மனைவி அழுதது கட்டியை நினைத்து அல்ல, தான் திட்டியதை நினைத்து.

சரி, தலைவலி? மண்டையோடு மூடிய எலும்புப் பெட்டி. உள்ளே ஏறக்குறைய 1.4 கிலோ மூளை, ரத்தம், 150 மில்லி மூளைத் தண்டுவட நீர். புதிதாக ஒன்று வளர்ந்தால் அழுத்தம் ஏறும். படுத்திருக்கும்போது அது இன்னும் கூடுவதால், காலையில் எழும்போதே வலியும் வாந்தியும் வரலாம். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி காரணமல்ல. பல வருடமாக வரும் ஒற்றைத் தலைவலிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இதுவரை இல்லாத வலி, வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, பார்வையும் மங்குகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டி என்றாலே புற்றுநோயும் அல்ல. மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது, மெதுவாக வளரும். பெரியவர்களுக்கு நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வருவதும் உண்டு. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் ஸ்கேனில் இதுபோலவே தோன்றி ஏமாற்றும்.

கட்டி சிலருக்கு வலிப்பாகவும் வெளிப்படும். அதனால் முதல் தடவையாக வலிப்பு வருகிற பெரியவருக்குப் பரிசோதனை அவசியம். வலிப்பின்போது கையில் இரும்புச் சாவி திணிக்க வேண்டாம், வாயிலும் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். எந்தப் பக்கம் முதலில் துடித்தது, முகமா, விரலா என்று கவனியுங்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தாலும் நல்லது. டாக்டர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வணக்கம்.