குச்சிக்கிழங்கும் பொருளியல் வகுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் பொருளியல் படிப்பது குறித்துப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். சேலம் வட்டாரத்தில் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர்களில் பி.காம். இடம் கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும், வந்தபின் அவர்களுக்கு வாய்த்திருக்கும் ஒரு வசதியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915இல் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் செய்தார். அந்த விவரங்கள் 1918இல் நூலாக வெளிவந்தன. இன்று பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தந்த ஊரார் என்பதால், இந்த வேலையைச் செய்ய அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வெளியூர் ஆய்வாளரிடம் வட்டிக் கணக்கைச் சொல்லத் தயங்கும் பெரியப்பா, தம் வீட்டுப் பிள்ளை கேட்டால் அசலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மாணவர் ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை வாசலில் என்பேன். மரவள்ளி எனப்படும் குச்சிக்கிழங்கு ஏற்றிவந்த லாரி நின்றதும், கொஞ்சம் கிழங்கை எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பாயிண்டை வைத்தே விலை. அளக்கும் கருவியும் அளக்கும் ஆளும் ஆலைக்காரருடையவை. பாயிண்ட் குறைவாகச் சொல்கிறார்களே என்று விவசாயிக்குத் தோன்றினாலும், பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் என்பதால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக அவரால் முடியாது. பரிமாற்றத்தில் ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாமல் போனால் சந்தை என்னவாகும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் படிக்கும் மாணவருக்கு, இந்த வாசலில் நின்று பார்த்தபின் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. ஏகர்லாஃபின் கட்டுரையில் விவரம் தெரிந்தவர் விற்பவர். இங்கே தெரிந்தவர் வாங்குபவர். இந்த வேறுபாட்டை மாணவர் தாமே கண்டு சொன்னால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

அதே கிழங்கு ஜவ்வரிசியாகி மூட்டைக்குள் போனதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, அவற்றின் பேரில் முன்பணம் பெற்றுக்கொண்டு, ஆலைக்காரர் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். விற்பனை ரகசிய டெண்டரில் நடக்கிறது; ஒரு வியாபாரி எழுதிய விலை இன்னொருவருக்குத் தெரியாது. இதுவும் ஒருவகை ஏலம்தான். ஏலங்களைப் பற்றிய கோட்பாட்டுக்காக 2020இல் பால் மில்குரோமும் ராபர்ட் வில்சனும் நோபல் பரிசு பெற்றார்கள் என்று படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் நம் ஊர் ஏலத்தைப் பார்த்திருக்கிறார்கள்? கெட்டுப்போகும் பொருளை வைத்திருப்பவருக்கும் கெடாத பொருளை வைத்திருப்பவருக்கும் பேரம் பேசும் வலிமை எவ்வளவு மாறுபடுகிறது என்பதை, ஒரே பயிரின் இரண்டு கட்டங்களில் காட்டும் இடம் இது. ஏற்காட்டுப் பிள்ளைகள் காப்பியை வைத்து இதே கேள்வியைக் கேட்கலாம்; அவர்களுக்கு உலகக் காப்பி விலையைக் காட்டும் நியூயார்க் சந்தையும் கணக்கில் சேரும்.

படிப்புச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. உண்மையான செலவு, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் கூலி. பாடநூல் வாய்ப்புச் செலவு என்று சொல்வது இதைத்தான். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் கொடுப்பது அந்தக் கூலியில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது, முழுவதையும் அல்ல.

கணிதத்துக்குப் பயந்து பொருளியலுக்கு வந்தவர்கள் புள்ளியியலிலிருந்து தப்ப முடியாது என்பதை முதல் பருவத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அதேபோல, மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். விடைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழ்வழியில் படிப்பவர்கள் அதற்குக் கடைசி ஆண்டில் தயாராகலாம் என்று இருந்துவிடக் கூடாது.

பொருளியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்லேட்டரின் மாணவர்கள் சென்ற ஊர்களுக்குப் பொருளியல் ஆய்வாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் மறுபடி ஆய்வை எடுத்துச் சென்று, 1940இல் முடிவுகளை வெளியிட முடிந்ததென்றால், பழைய பதிவு பத்திரமாக இருந்ததுதான் காரணம். நாமோ, மாணவர்கள் அலைந்து திரட்டிய திட்டக் கட்டுரைகளை வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அறை மூலையில் குவித்துவைத்து, இடம் போதாதபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அவற்றை வட்டம், ஊர் வாரியாகப் பிரித்து நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். அடுத்த தலைமுறை மாணவர் அதே ஊருக்குப் போய், அப்போதைய கூலியையும் கிழங்கு விலையையும் தம் காலத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட முடியும்.

நன்றி, வணக்கம்.